எலிக்கு வலிப்பு வந்தது என்று எப்படித் தெரியும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கில் ஒரு நரம்பியல் ஆய்வுக்கூடத்தில் எலிகளின் மூளை மின்னலைகளைப் பதிவு செய்து படிப்பது என் வேலை. இதை வீட்டில் சொன்ன நாளிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் தண்ணீர்ப் பந்தலில் நின்றபோதுகூட, மோர் வாங்க வந்த தூரத்து அத்தை ஒருவர், "எலிக்கா வைத்தியம் பார்க்கிறே?" என்று நிறுத்திக் கேட்டார். தமிழ்ப்பள்ளியில் பேசப் போனால் பிள்ளைகள் கேட்கிறார்கள். வலிப்பு உள்ள பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்பவைதான் கனமான கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி மாளாததால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்துவிட்டேன். நான் மருத்துவர் இல்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

காக்காய் வலிப்பு என்கிறோமே, காக்காய்க்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஒன்றும் இல்லை. 'கால் கை வலிப்பு' என்பது வாயில் உருண்டு உருண்டு 'காக்காய் வலிப்பு' ஆகிவிட்டது என்று சொல்வார்கள். ஆனால் இந்த நோயை விலங்கோடு சேர்த்துப் பேசும் பழக்கம் நமக்கு மட்டும் இல்லை. சீனரின் பேச்சு வழக்கில் ஆடு வரும். மலாய்க்காரர்களின் பழைய வழக்கில் பன்றி வரும். நோயாளியைக் கூசவைக்கும் பெயர்கள் இவை. இப்போது மருத்துவமனைகளில் மலாயில் 'எபிலெப்சி' அல்லது 'சாவான்' என்றுதான் எழுதுகிறார்கள். நானும் இந்தப் பக்கத்தில் வலிப்பு என்று மட்டுமே எழுதுகிறேன்.

மனிதருக்கு வரும் நோய்க்கு எலியை ஏன் பார்க்க வேண்டும்?

உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருக்கிற மருந்துகள் போதிய அளவு வேலை செய்வதில்லை. புதிய மருந்து வேண்டும். அதை நேராக மனிதரிடம் கொடுத்துப் பார்க்க முடியாது.

உங்கள் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள், விலங்குகளின் கதை உள்ளேயே இருக்கும். ஃபெனிட்டோயின், அதாவது டைலாண்டின், 1930களில் பூனைகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்துச் சோதித்ததில் கிடைத்தது. அமெரிக்காவில் மெரிட், புட்னம் என்ற இருவர் செய்த வேலை அது; 1938இல் நோயாளிகளுக்கு வந்தது. எபிலிம் மாத்திரையில் இருக்கும் வால்புரோயேட்டின் கதை இன்னும் வேடிக்கை. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் வேறு சில பொருள்களைச் சோதிக்க, அவற்றைக் கரைக்கும் திரவமாக மட்டும் அதைப் பயன்படுத்தினார்கள். எந்தப் பொருளைக் கரைத்துக் கொடுத்தாலும் விலங்குகளுக்கு வலிப்பு அடங்கியது. அப்புறம்தான் உறைத்தது, வேலை செய்தது கரைத்த பொருள் இல்லை, கரைப்பான் என்று!

லெவெடிராசெட்டம் என்கிற கெப்ரா இதற்கு நேர் எதிர். வழக்கமான இரண்டு சோதனைகளில், அதாவது மின்னதிர்ச்சியிலும் பென்டிலீன்டெட்ரசோல் என்ற வலிப்பூட்டும் மருந்திலும், அது தோற்றுப்போனது. மூளையே வலிப்புக்குப் பழகிவிட்ட விலங்குகளில் பார்த்தபோதுதான் அதன் பலன் தெரிந்தது. 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எந்த விலங்கை, எந்த விதத்தில் பார்க்கிறோம் என்பதில் ஒரு மருந்தின் தலையெழுத்தே மாறிப்போகும் என்பதை எனக்குப் புரியவைத்த உதாரணம் இதுதான்.

மூளையில் மின்சாரம் இருப்பதை முதலில் யார் பார்த்தது?

லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன், 1875இல், முயல்களிலும் குரங்குகளிலும். மனிதரிடம் பதிவு செய்ய ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் வரவேண்டியிருந்தது. 1924இல் பதிவு செய்தார், 1929இல்தான் வெளியிட்டார். இன்று மருத்துவமனையில் தலை முழுக்கப் பசை தடவி எடுக்கும் இ.இ.ஜி. அதன் வாரிசு.

எலிக்கு வலிப்பு நோய் எப்படி வருகிறது? நீங்களே வரவைக்கிறீர்களா?

பெரும்பாலும் ஆமாம். இதை மழுப்ப நான் விரும்பவில்லை.

சில வழிகள் உண்டு. பிலோகார்ப்பின் என்ற மருந்தைக் கண் அழுத்த நோய்க்குச் சொட்டு மருந்தாக விட்டிருப்பீர்கள். அதையே அதிக அளவில் எலிக்குக் கொடுத்தால் நீடித்த வலிப்பு கிளம்பும். கைனிக் அமிலம் இன்னொன்று. ஜப்பானில் குடற்புழுவுக்கு மருந்தாகப் பயன்பட்ட ஒரு சிவப்புக் கடற்பாசியிலிருந்து பிரித்தது. இப்படிக் கிளம்பிய வலிப்பைக் குறிப்பிட்ட நேரத்தில் டயசெபாம் கொடுத்து அடக்குவோம். பிறகு எலி சாதாரணமாகத் தெரியும். சாப்பிடும், ஓடும். நாள்கணக்கில், சில வேளை வாரக்கணக்கில், ஒன்றும் நடக்காது. உள்ளே மூளை மட்டும் மாறிக்கொண்டிருக்கும். ஒருநாள் யாரும் எதையும் கொடுக்காமலே வலிப்பு தானாக வரும். தலையில் அடிபட்ட, மூளைக் காய்ச்சல் வந்த சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து வலிப்பு தொடங்குகிறதே, ஏறக்குறைய அதே போக்கு.

பிறவியிலேயே வலிப்பு உள்ள எலி வகைகளும் இருக்கின்றன. பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க்கில் வளர்த்தெடுத்த ஒரு வகைக்குக் கை கால் இழுக்கவே இழுக்காது. ஓடிக்கொண்டிருக்கும் எலி அப்படியே நின்றுவிடும், மீசை மட்டும் லேசாகத் துடிக்கும், சில விநாடி கழித்து விட்ட இடத்திலிருந்து ஓடும். வகுப்பில் கனவு காண்கிறான் என்று ஆசிரியரிடம் திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இதே மாதிரியான வலிப்புதான். பிள்ளையின் பதிவில் விநாடிக்கு 3 முறை வரும் கூர்முனை அலை, எலியில் விநாடிக்கு 7 முதல் 11 முறை வரும். வேகம்தான் வேறு, அலையின் உருவம் ஒன்றுபோல இருக்கும்.

துடிப்பதைக் கண்ணால் பார்த்தால் போதாதா? மின்முனை எதற்கு?

கண்ணால் பார்த்து மதிப்பெண் போடும் முறை ஒன்று இருக்கிறது. 1972இல் ரொனால்ட் ரசீன் வகுத்தது, இன்றும் பல ஆய்வுக்கூடங்களில் புழங்குகிறது. வாயும் முகமும் அசைந்தால் 1, தலை ஆட்டினால் 2, முன்னங்கால்கள் இழுத்தால் 3, பின்னங்காலில் எழுந்து நின்றால் 4, நின்று நிலைதவறி விழுந்தால் 5.

நல்ல அளவுகோல்தான். ஆனால் 1ஐயும் 2ஐயும் நம்பி ஆய்வு எழுத எனக்குத் தைரியம் கிடையாது. எலி என்றால் எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கும் பிராணி. அது வலிப்பில் மெல்கிறதா, உமியை மெல்கிறதா என்று யார் சொல்வது? அதைவிடப் பெரிய சிக்கல், மூளைக்குள் முழு வலிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது உடம்பில் ஒரு அசைவும் இல்லாமல் எலி மூலையில் படுத்திருக்கக்கூடும். ஹிப்போகேம்பஸ் என்று மூளையின் ஆழத்தில் ஒரு பகுதி, நினைவுக்கான இடம். அங்கே தொடங்கி அங்கேயே அடங்கும் வலிப்பை வெளியிலிருந்து எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது.

ஒரு மருந்து துடிப்பை மட்டும் நிறுத்திவிட்டு மூளைக்குள் வலிப்பை ஓடவிட்டால்? கண்ணை நம்பியவர், மருந்து ஜெயித்தது என்று எழுதிவிடுவார். அதனால்தான் மூளையின் மின்னலையைப் பிடிக்கும் மின்முனையும் வேண்டும், வீடியோவும் வேண்டும், இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடவும் வேண்டும்.

மண்டையில் கம்பி செருகுவீர்களாமே, வலிக்காதா?

எலி முழு மயக்கத்தில் இருக்கும். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைத் தொடர்ந்து சுவாசித்தபடி, தலை அசையாதபடி ஒரு சட்டத்தில் பொருத்தியிருப்போம். மண்டையோட்டு எலும்புகள் ஒன்றோடொன்று சேரும் புள்ளி ஒன்று தெளிவாகத் தெரியும். அதிலிருந்து முன்னே இத்தனை மில்லிமீட்டர், பக்கவாட்டில் இத்தனை என்று அளந்து, மிகச் சிறிய துளைகள் போடுவோம். மூக்குக்கண்ணாடிச் சட்டத்தில் இருக்குமே, அந்த மாதிரி குட்டித் திருகாணிகள்தான் மேற்பரப்பு மின்முனைகள். ஆழத்தைக் கேட்க வேண்டுமென்றால் மெல்லிய கம்பி ஒன்றை ஹிப்போகேம்பஸ் வரை இறக்குவோம். ஒப்பிட்டுப் பார்க்கும் மின்முனை பின்பக்கம், சிறுமூளைக்கு மேலே. எல்லாவற்றையும் பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் சிமெண்டால் மூடிவிட்டால், எலி ஒரு சிறிய தொப்பி போட்டது போல இருக்கும்.

மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. தோலுக்கும் மூளையை மூடிய சவ்வுக்கும் உண்டு. அதனால் அறுவைக்குப் பிறகு வலி நிவாரணி கட்டாயம். ஏறக்குறைய ஒரு வாரம் எந்தப் பதிவும் இல்லை, ஓய்வுதான். தினமும் எடை போடுவோம். எடை ஏறினால் எலி தேறுகிறது என்று அர்த்தம். இறங்கிக்கொண்டே போனால் ஆய்வை விட்டுவிட்டு எலியைக் கவனிக்க வேண்டும்.

எவ்வளவு நேரம் பதிவு செய்வீர்கள்?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன் என்று சொல்லலாம்.

இரவும் பகலும், வாரக்கணக்கில். ஏன் என்றால், தானாக வரும் வலிப்பு ஒழுங்கான இடைவெளியில் வருவதில்லை. கொத்துக் கொத்தாக வரும். வைத்துக்கொள்வோம், ஒரு எலிக்குத் திங்கள் முதல் புதன் வரை 12 முறை வலிப்பு வருகிறது, அப்புறம் ஐந்து நாள் ஒன்றுமே இல்லை. வியாழக்கிழமை காலையில் நான் ஒரு புது மருந்தைக் கொடுத்துவிட்டு ஞாயிறு வரை பார்த்தால் என்ன தெரியும்? அற்புத மருந்து! வெறும் தண்ணீரைக் கொடுத்திருந்தாலும் அதே அற்புதம் நடந்திருக்கும்.

நேரமும் முக்கியம். எலி இரவில் விழித்திருந்து பகலில் தூங்கும் பிராணி. வலிப்புக்கும் தூக்கம் விழிப்போடு தொடர்பு உண்டு. நமக்கு வசதி என்று காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை மட்டும் பதிவு செய்தால், கிடைப்பது எலியின் பகல் தூக்கத்தை மட்டும் பார்த்த கணக்கு. பதிவு செய்யாத நேரத்தை வலிப்பு வராத நேரமாகக் கணக்கில் சேர்ப்பதைவிடப் பெரிய பொய் இந்தத் துறையில் கிடையாது. தெரிந்தே யாரும் அந்தப் பொய்யைச் சொல்வதில்லை. வட்டு நிறைந்துவிட்டது, வார இறுதியில் ஆள் இல்லை, எலி கம்பியைக் கடித்துவிட்டது, இப்படித்தான் அது நுழைகிறது.

வட்டு நிறைவது விளையாட்டுப் பேச்சு இல்லை. ஒரு எலிக்கு 4 சேனல் (பதிவுத் தடம்), ஒவ்வொன்றிலும் விநாடிக்கு 1000 அளவீட்டுப் புள்ளி, புள்ளிக்கு 2 பைட் என்றால் ஒரு நாளைக்கு சுமார் 691 மெகாபைட். 8 எலிகளுக்கு ஒரு மாதம் என்றால் 165 ஜிகாபைட்டைத் தாண்டும். வீடியோவை இன்னும் சேர்க்கவில்லை, அது பல மடங்கு. விநாடிக்கு 80 முதல் 500 முறை அதிரும் மிக வேகமான அலைகளையும் பிடிக்க வேண்டுமென்றால் 1000 புள்ளி போதாது, 2000 வேண்டும். கணக்கு அப்படியே இரட்டிப்பாகும்.

எலி கம்பியோடு எப்படி நடமாடும்?

கூண்டின் மேல் ஒரு சுழல் இணைப்பு தொங்கும். எலி எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பி முறுக்கிக்கொள்ளாமல் அதுவும் கூடவே சுழலும். கம்பியே வேண்டாம் என்றால் சிறிய அனுப்பு கருவியைத் தோலுக்கடியிலோ வயிற்றிலோ வைத்துவிடலாம், அது ரேடியோ அலையில் அனுப்பும். எலிக்கு அது நிம்மதி, மற்ற எலிகளோடு இருக்கவும் வாய்ப்புண்டு. விலைதான் கண்ணைக் கட்டும், பேட்டரிக்கும் ஆயுள் உண்டு.

பதிவில் எது வலிப்பு, எது வேறு என்று எப்படிப் பிரிப்பீர்கள்?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரே இரவுப் பதிவில் எட்டு இடங்களில் 'வலிப்பு' என்று குறி வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த மூத்த அக்கா ஒன்றும் சொல்லாமல் அதே நேரத்து வீடியோவைத் திறந்தார். எலி பின்னங்காலால் காதைச் சொறிந்துகொண்டிருந்தது. எட்டில் ஆறு சொறிதல்.

சொறிதல் ஒரே தாளத்தில், பெரிய வீச்சில் வருவதால் அப்படியே வலிப்பு போலத் தெரியும். எலி சும்மா நடந்து மோப்பம் பிடிக்கும்போதும் ஹிப்போகேம்பஸில் விநாடிக்கு 6 முதல் 10 முறை அழகான அலை ஓடும், புதியவர்களை அதுவும் ஏமாற்றும். உண்மையான வலிப்புக்கு ஒரு நடை இருக்கிறது. முதலில் கூர்முனைகள் எழும். பின்னணி அலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரும். தாளம் ஒரே மாதிரி நிற்காது, போகப் போக வேகமும் உருவமும் மாறும். பத்து விநாடியாவது நீடித்தால்தான் பலரும் வலிப்பு என்று எண்ணுகிறார்கள். முடிந்ததும் கோடு சட்டென்று தட்டையாகும், மூளை களைத்துப் படுத்துவிட்டது போல. அந்தத் தட்டையான இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். சொறிந்து முடித்த எலியின் மூளை அப்படி அடங்குவதில்லை.

மழை, இடி, கரண்ட் எல்லாம் பதிவைக் கெடுக்குமா?

கெடுக்கும். நாம் அளப்பது வோல்ட்டில் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு. பக்கத்துச் சுவரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தரைக் கம்பி ஒன்று லேசாகத் தளர்ந்தாலும் திரை முழுக்க அந்த 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம்தான். ஒரு வார இறுதி முழுவதையும் நான் அப்படி இழந்திருக்கிறேன், தவறு என்னுடையது, வெள்ளி மாலை சோதிக்காமல் கிளம்பினேன். கூண்டைச் சுற்றி உலோக வலை போட்டால் பாதித் தொல்லை தீரும். சாயங்கால இடிமழையில் கரண்ட் போனால் தாங்க யு.பி.எஸ். வேண்டும்.

இப்போதுதான் ஏ.ஐ. வந்துவிட்டதே, கணினியே பார்த்துவிடாதா?

முதலில் சலித்தெடுக்க மிகவும் உதவும். ஆயிரம் மணி நேரத்தை மனிதக் கண் மட்டும் பார்க்க முடியாது. ஆனால் கணினி எடுத்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் வீடியோவோடு ஒருவர் பார்க்கிறார், எந்த எலிக்கு மருந்து கொடுத்தது என்று அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால் கண் தன்னையறியாமல் சலுகை காட்டும். எனக்கும்தான்.

மிசாய் கூச்சிங் (பூனைமீசை மூலிகை) குடித்தால் வலிப்பு நிற்குமாமே?

இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். கோலாலம்பூருக்குப் பக்கத்தில், பண்டார் சன்வேயில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகத்தில் வரிக்குதிரை மீன்களை வைத்து வலிப்பு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அதில் ஒன்றில் பூனைமீசை இலைச்சாற்றைப் பார்த்தார்கள். வலிப்பூட்டும் மருந்து கொடுத்த மீன்களில் அந்தச் சாறு வலிப்பைத் தணிப்பதாகத் தெரிந்தது.

மீன் நல்ல தொடக்கம். குஞ்சு கண்ணாடி போல இருக்கும், முட்டை இட்ட ஒரு வாரத்துக்குள் அதன் மூளையில் கண்ணாடி நுனி மின்முனை வைத்துப் பதிவு செய்யலாம், ஒரே நாளில் பல பொருள்களைச் சோதிக்கலாம். ஆனால் அங்கே அடக்கியது, அப்போதைக்கு மருந்து கொடுத்து மூட்டிய வலிப்பை. தானாக வரும் வலிப்பு நோய் வேறு. கெப்ராவின் கதையை மேலே சொன்னேனே, ஒரு சோதனையில் ஜெயித்தது இன்னொன்றில் தோற்கும், தோற்றது ஜெயிக்கும். மீனிலிருந்து எலி, எலியிலிருந்து மனிதர் என்று இன்னும் நிறைய தூரம் இருக்கிறது. டீயாகக் குடிப்பது உங்கள் விருப்பம், மருத்துவரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். மாத்திரைக்குப் பதிலாக வேண்டவே வேண்டாம்.

பாவம் இல்லையா?

என் பாட்டி கேட்டது. அவருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். பாவமா இல்லையா என்பதை ஆளுக்கு ஆள் தீர்மானிக்கட்டும், செய்கிற முறையில் பாவம் சேராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு.

மலேசியாவில் 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி, ஆய்வுக்கு விலங்குகளைப் பயன்படுத்த உரிமம் வேண்டும். அதற்கு முன் நிறுவனத்தின் நெறிமுறைக் குழு ஒவ்வொரு திட்டத்தையும் கேள்வி கேட்கும். எத்தனை எலி, ஏன் அத்தனை, வலியை எப்படிக் குறைப்பீர்கள், எந்தக் கட்டத்தில் நிறுத்துவீர்கள். 1959இல் ரசல், பர்ச் என்ற இரு ஆங்கிலேயர்கள் சொன்ன மூன்று அடிப்படைகள்தான் இதற்கு வேர்: விலங்கு இல்லாமல் முடியுமென்றால் அப்படிச் செய், முடியாவிட்டால் எண்ணிக்கையைக் குறை, துன்பத்தைக் குறை.

இங்கே நீண்ட பதிவு எனக்குத் துணைக்கு வருகிறது. ஒரே எலியை மருந்துக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் பார்த்தால் அது தனக்குத் தானே ஒப்பீடு. அரைகுறையாகப் பதிவு செய்து, முடிவு தெளிவில்லாமல், திரும்ப இன்னொரு கூட்டம் எலிகளைக் கேட்டு நிற்பதுதான் என்னைப் பொறுத்தவரை பாவம்.

என் மகனுக்கு இ.இ.ஜி. எடுத்தார்கள், சரியாக இருக்கிறது என்றார்கள். அப்படியென்றால் வலிப்பு இல்லைதானே?

அவசியம் இல்லை. வழக்கமான இ.இ.ஜி. அரை மணி நேரம் போல எடுப்பது. அந்த அரை மணியில் மூளை அமைதியாக இருந்தது என்று மட்டும்தான் அது சொல்லும். அதனால்தான் தூங்கவைத்து மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள், சிலரைப் பல நாள் படுக்கவைத்து வீடியோவோடு பதிவு செய்கிறார்கள். எலிக்கு நாங்கள் செய்வதும் அதேதான். மருத்துவர் மறுபடி எடுக்கச் சொன்னால், முதல் தடவை ஏதோ தவறாகிவிட்டது என்று நினைத்துக் கோபப்பட வேண்டாம்.

எங்கள் வீட்டு நாய்க்கு வலிப்பு வருகிறது. உங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்ப்பீர்களா?

நாங்கள் பார்ப்பதில்லை. கால்நடை மருத்துவரிடம் போங்கள். நாய்களுக்கு இயற்கையாகவே வலிப்பு நோய் வரும், மருந்தும் உண்டு. மனிதருக்கு வலிப்பு வரப்போவதை முன்கூட்டியே சொல்லும் உள்பொருத்துக் கருவியைக்கூட முதலில் இப்படி இயற்கையாக வலிப்பு வந்த நாய்களிடம்தான் முயன்று பார்த்தார்கள். அதன் பிறகு ஆஸ்திரேலியாவில் மெல்பர்னில் நோயாளிகளிடம் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள்.

போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். வலிப்பு வந்தால் வாயில் கையை விடாமல், பக்கத்தில் மேசை நாற்காலியை நகர்த்திவிட்டு, கைப்பேசியில் வீடியோ எடுங்கள். தொடங்கிய நேரம், முடிந்த நேரம், அதற்கு முன் தூங்கிக்கொண்டிருந்ததா, பிறகு எவ்வளவு நேரம் தள்ளாடியது என்பதையெல்லாம் நாள்காட்டியில் குறித்து வையுங்கள். வராத நாளையும் குறியுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டாலோ ஒரே நாளில் திரும்பத் திரும்ப வந்தாலோ, குறித்துக்கொண்டிருக்காமல் உடனே வண்டியில் ஏற்றிக் கிளம்புங்கள்.